முன்போலவே

அந்தச் சொல்லை எழுத அவருக்கு இரண்டு வினாடி ஆகியிருக்கும். சில வாரம் கழித்து, அதைத் துரத்திக்கொண்டு ஆறு கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது.

பட்டறையில் அவருக்கு அரைமில்லி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். மில்லிமீட்டரில் பாதிக்காக முதலாளியோடு நான்கு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த மனிதருக்கு வேறென்ன பெயர் வைக்க முடியும்?

அந்த அரை மில்லி எங்கே இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அவர் வரைந்து கொடுப்பது பிரஷ் இல்லாத மோட்டார்கள். நடுவில் ஓர் இரும்பு உருளை சுழலும். அதன் மேல் எட்டுக் காந்தங்கள் ஒட்டியிருக்கும். சுற்றிலும் செம்புக் கம்பி சுற்றிய இரும்புப் பற்கள் அசையாமல் நிற்கும். காந்தத்துக்கும் பல்லுக்கும் நடுவே விடுகிற இடைவெளியைப் பட்டறையில் சந்து என்பார்கள். சந்து குறுகினால் காந்தத்தின் பிடி கூடும். பிடி கூடினால் அதே வேலைக்குக் குறைவான கரண்ட் போதும், கம்பி சூடாகாது. சட்டைப் பையில் எப்போதும் அரை மில்லி கனத்தில் ஒரு பித்தளைத் தகடு வைத்திருப்பார். அதைச் சந்துக்குள் நுழைத்து ஒரு சுற்று வழித்துப் பார்த்த பிறகுதான் எந்த மோட்டாருக்கும் மூடி போட விடுவார்.

"மனுஷன் நுழைய முடியாத சந்துல குடித்தனம் பண்றான் என் தம்பி," என்பார் அவருடைய அக்கா.

அக்கா அவருக்கு எட்டு வயது மூத்தவர். அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் அடுத்தடுத்துப் போய்விட்ட வீட்டில் தம்பியை ஆளாக்கியவர். பதினேழு வயதில் தம்பி எரிந்துபோன மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் கடையில் சேர்ந்தார். பிரித்து முகர்ந்தாலே, இது தண்ணீர் இறங்கிப் போனது, இது பாரம் தாங்காமல் போனது என்று சொல்லிவிடுகிற அளவுக்கு அங்கே தேறினார். சட்டையெல்லாம் கருகிய வார்னிஷ் வாசனை. துவைத்துத் துவைத்துச் சலித்த அக்கா ஒருநாள், "எத்தனை காலத்துக்குடா கருகினதையே மோந்துட்டு இருப்ப? கருகாத ஒண்ணைச் செய்," என்று மாலை வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தார். கருகாத ஒன்றைச் செய்வதுதான் அதன்பின் இருபது வருடமாக அவருடைய வேலை.

அக்காவின் வேலை வண்டி ஓட்டுவது. பேட்டரியில் ஓடும் மூன்று சக்கர வண்டி. காலையிலும் மாலையிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், நடுவில் கிடைத்த சவாரி.

இந்த மாதிரி வண்டிகளுக்குத்தான் புது மோட்டார் வேண்டுமென்று ஒரு கம்பெனி கேட்டிருந்தது. நூறு பங்கு கரண்ட் கொடுத்தால் தொண்ணூறு பங்கு வேலையாகத் திரும்ப வேண்டும். முதலாளி யோசிக்காமல் தலையாட்டிவிட்டு வந்தார். அரைமில்லி முதல் மோட்டாரைத் தன் கையாலேயே செய்தார். ஒவ்வொரு காந்தத்துக்கும் அடியில் முழுக்கப் பசை தடவி ஒட்டினார். மேலே, காந்தங்கள் பிய்ந்து பறக்காதபடி, பிசினில் ஊறிய கண்ணாடி நூல் நாடாவை இறுக்கச் சுற்றினார். கணக்கு எண்பத்தெட்டே முக்காலில் நின்றது. நாடாவின் கனம் சந்தில் பாதியைத் தின்றிருந்தது. யோசித்து யோசித்து, நாடாவை எடுத்துவிட்டார். முழுக்கத் தடவிய பசை மட்டுமே காந்தத்தைத் தாராளமாகப் பிடிக்கும் என்று இரண்டு முறை கணக்குப் போட்டுப் பார்த்தார். சந்து ஒரு மில்லியிலிருந்து அரை மில்லியானது. மீட்டர் தொண்ணூறு புள்ளி நான்கு காட்டியது.

முதலாளி அன்று பட்டறை முழுக்க டீ வாங்கிக் கொடுத்தார்.

அதேபோல ஆறு செய்ய வேண்டும். வரைபடத்தின் ஓரத்தில் அளவுகளுக்குக் கீழே பசைக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதில் அரைமில்லி எழுதினார்: முன்போலவே.

ஆறு மோட்டார்களும் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடின. எல்லாம் தொண்ணூறைத் தாண்டின. ஐந்தை அலமாரியில் அடுக்கிவிட்டு ஒன்றை அக்காவின் வண்டியில் பூட்டினார். தினமும் பாரம் ஏற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டுகிறவர் பொய் சொல்லாதவராகவும் இருக்க வேண்டும். எட்டாம் நாள் அக்கா சொன்னார்: "முன்னைக்கு இப்ப ஒரு சார்ஜுக்கு ஒரு நடை கூட ஓடுதுடா. சும்மா சொல்லக்கூடாது, சந்துக்குள்ள என்னமோ பண்ணியிருக்க."

ஒன்பதாம் நாள், மாலை டீ நேரம்.

லேத் ஓட்டுகிறவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணோடு இதுவரை போனில்கூட நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசவில்லை, எப்படி ஒத்துப்போகுமோ என்று அவர் புலம்பிக்கொண்டிருந்தார். விசிறியம்மா டீயை ஆற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தார். பதினோரு வருடமாக மின்விசிறிகளுக்குக் காந்தம் ஒட்டுகிறவர் என்பதால் அந்தப் பெயர். கை அத்தனை வேகம். அவர் ஒட்டி முடித்ததை எண்ணத்தான் ஆள் வேண்டும்.

"எதுக்குப்பா பயப்படுற?" என்றார் விசிறியம்மா. "கல்யாணமும் நம்ம ஃபேன் காந்தம் மாதிரிதான். ஆரம்பத்துல ரெண்டு பொட்டு பசை போதும். அப்புறம் சுத்தச் சுத்த அதுவே ஒட்டிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அரைமில்லியும் சிரித்தார். சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"விசிறிம்மா. அந்த வண்டி மோட்டார் ஆறுக்கும் எத்தனை பொட்டு வச்சீங்க?"

"ரெண்டுதான். ஏன் தம்பி?"

"ஆறுக்குமா?"

"நீங்கதான முன்போலவேன்னு எழுதியிருந்தீங்க. நான் எப்பவும் வைக்கிறது ரெண்டுதான?"

மின்விசிறியில் வெளியே இருக்கும் டப்பாதான் சுழலும். காந்தங்கள் அந்த டப்பாவின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். சுழலும்போது அவை வெளிப்பக்கமாக விலக முயலும், வெளியே சுவர். அதனால் சுற்றச் சுற்ற இன்னும் அழுந்தி உட்காரும். விசிறியம்மா சொன்னது சத்தியம். ஆனால் வண்டி மோட்டாரில் காந்தங்கள் நடு உருளையின் வெளிப்புறத்தில் இருக்கின்றன. அவையும் வெளிப்பக்கமாக விலக முயலும். வெளியே சுவர் இல்லை. அரை மில்லி சந்து, அதற்கப்பால் பற்கள். தடுக்க இருந்த நாடாவையும் அவரே எடுத்துவிட்டார்.

எட்டே எட்டில் அலமாரியை அடைந்து ஒரு மோட்டாரை இறக்கினார். மூடியைக் கழற்றி உருளையை வெளியே இழுத்து, மரச் சுத்தியலால் ஒரு காந்தத்தின் விளிம்பில் தட்டினார். இரண்டாம் தட்டில் காந்தம் சற்றுத் தள்ளி உட்கார்ந்தது. விழவில்லை. காந்தமல்லவா, இரும்பை விடாது. பசையே இல்லாவிட்டாலும் நிற்கும்போது ஒட்டியிருப்பது போலத்தான் தெரியும். கத்தி முனையால் நெம்பி எடுத்தார். அடியில், இரண்டு ஓரத்திலும், காய்ந்த பசை இரண்டு பொட்டாக இருந்தது. நடுவெல்லாம் வெறும் இரும்பு, பளபளவென்று.

மூவாயிரம் சுற்றில் ஒவ்வொரு காந்தத்தையும் பதினான்கு கிலோ கனம் வெளியே இழுப்பதற்குச் சமம். இறக்கத்தில் வண்டி தானாக உருளும்போது, ஆக்ஸிலேட்டரை விட்டாலும் சக்கரம் மோட்டாரைச் சுற்றும், நாலாயிரத்தைத் தாண்டும், இழுப்பு இரண்டு மடங்காகும். காந்தம் கழன்று பல்லுக்கு நடுவே சிக்கினால் மோட்டார் நிற்கும். மோட்டார் நின்றால் பின் சக்கரம் இரண்டும் அதே நொடியில் இறுகும்.

அக்கா பிள்ளைகளை ஏற்றும் பள்ளிக்கூடம் தொட்டி மேட்டின் உச்சியில் இருக்கிறது. அங்கிருந்து தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக் கீழே வரும் சாலையில் இரண்டு வளைவு. இரண்டாவது வளைவில் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் ஓடை. ஒன்பது பிள்ளைகள்.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று பன்னிரண்டு. பள்ளி விடுவது மூன்றரைக்கு.

அக்காவின் எண்ணைப் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது அக்கா போனைப் பிஸ்கட் டின்னுக்குள் போட்டு சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுவார். "பிள்ளைங்க இருக்கிற வண்டியில போன் பேசுறவளுக்கு லைசென்ஸ் எதுக்கு?" என்பார். நல்ல பழக்கம் என்று ஊருக்கே அதைச் சொல்லிக் காட்டியவர் அரைமில்லிதான்.

"பள்ளிக்கூட நம்பர் யார்கிட்டயாவது இருக்கா?"

யாரிடமும் இல்லை. விசிறியம்மா கையிலிருந்த காய்ந்த பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றார்.

"நான் பள்ளிக்கூட நம்பரைத் தேடுறேன், அக்காவுக்கும் போட்டுட்டே இருக்கேன் தம்பி. நீங்க கெளம்புங்க." பிறகு, தாழ்ந்த குரலில்: "நீங்க எழுதியிருந்ததத்தான நான் செஞ்சேன்."

"ஆமா. எழுதினதுதான் தப்பு."

வாசலில் சோதனை ஸ்கூட்டர் சார்ஜில் நின்றிருந்தது. பிளக்கைப் பிடுங்கியதும் பதினான்கு சதவீதம் என்றது. அவர் வரைந்த மோட்டார். நாடா சுற்றிய பழைய வகை. வண்டி என்ன குடிக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால் உச்சி வரை வரும், ஆனால் நேரத்துக்குப் போய்ச் சேருவது சந்தேகம். ஐம்பதில் போனால் நேரத்துக்குப் பாதி மேட்டில் இருக்கலாம், செத்த வண்டியோடு.

முப்பதில் போனார். பழைய மொபெட்காரர் ஒருவர் அவரை முந்திக்கொண்டு போனார். வாழ்நாளெல்லாம் கரண்டை மிச்சம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த மனிதர் அன்று முதல்முறையாக மிச்சம் பிடிப்பதை வெறுத்தார். காற்றுத் தடையைக் குறைக்க ஹேண்டில் மேல் கவிழ்ந்து உட்கார்ந்தார். சந்தைச் சாலை நாற்சந்தியில் சிவப்பு விழுந்தது. அவர் நின்றார். முன்னால் ஒரு லாரி பின்பக்கமாகத் திரும்ப ஆரம்பித்து, நடுவில் மாட்டிக்கொண்டது. பச்சை வந்தது, போனது. மறுபடி வந்தது.

"யோவ், லாரியா வாங்கியிருக்க, வீடு மாதிரி நடு ரோட்ல கட்டி வச்சிருக்க!" என்று யாரோ கத்தினார்கள்.

மூன்று இருபத்தாறு. எட்டு சதவீதம். அதற்குப்பின் கணக்கை விட்டுவிட்டு முறுக்கினார்.

மேட்டின் அடிவாரத்தில் ஐந்து. ஓடை வளைவில் மூன்று. முதல் வளைவுக்குச் சற்றுக் கீழே எண் மறைந்து, சார்ஜ் தீர்ந்ததைச் சொல்லும் ஆமைப் படம் வந்தது. ஸ்கூட்டர் பெருமூச்சு விட்டதைப் போல மெல்ல நின்றது. அதைச் சாலையோரப் புல்லில் தள்ளிவிட்டு ஓடினார். நாற்பத்திரண்டு வயது, உட்கார்ந்தே பழகிய கால். மேலே பள்ளி மணி அடித்து ஓய்ந்திருந்தது. பிள்ளைகளின் இரைச்சல் முதலில் வந்தது, பிறகு அதிலிருந்து ஒரு பங்கு மட்டும் பிரிந்து நெருங்கி வருவது போல ஒரு பாட்டுச் சத்தம். அக்காவின் வண்டியில் பிள்ளைகள் பாடிக்கொண்டே வருவார்கள்.

தொட்டியின் மறைவிலிருந்து மஞ்சள் முகப்பு வெளிப்பட்டது. வண்டி இன்னும் வேகம் பிடிக்கவில்லை. அரைமில்லி சாலை நடுவே போய்க் கைகளை விரித்து நின்றார்.

ஹாரன் நீளமாக ஒலித்தது. பிறகு பிரேக். வண்டி அவருக்கு நான்கு அடி முன்னால் நின்றது. பாட்டு பாதியில் அறுந்தது.

"ஏண்டா, சாக வேற இடம் கெடைக்கலையா உனக்கு?" அக்கா தலையை வெளியே நீட்டிக் கத்தினார். "குறுக்க வந்து நிக்கிற, அறிவிருக்கா?"

"எல்லாரையும் எறக்குக்கா."

"என்னது?"

"எறக்கு. அப்புறம் திட்டு."

அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். கை பிரேக்கை இழுத்துவிட்டு, "பசங்களா, எல்லாரும் பையோட எறங்குங்க. சுவர் பக்கமா நில்லுங்க. யாரும் ஓடக்கூடாது," என்றார். பிள்ளைகள் இறங்கினார்கள். முன்பல் விழுந்த ஒரு சிறுமி, "இந்த மாமா யாரு? போலீஸா?" என்று கேட்டாள்.

"இல்ல. என் தம்பி. இன்னைக்குத்தான் இப்படி."

அவர் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தார். பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, கை பிரேக்கை விடுவித்து, கையால் மெதுவாகச் சுற்றினார். மோட்டாரின் மேல் காதை வைத்தார். ஒரு சுற்றில் பல முறை, தாளம் தப்பாமல், சின்னதாக ஒரு சத்தம். நகத்தால் தகரத்தைத் தட்டுவது போல. அரை மில்லி சந்துக்குள் ஏதோ ஒரு காந்தத்தின் மூலை எழும்பி ஒவ்வொரு பல்லையும் தொட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"கேக்குதாக்கா?"

"இந்தச் சத்தமா?" என்றார் அக்கா. "நேத்து சாயங்காலத்துலேர்ந்து வருது. உங்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். புதுசுதான, போகப் போகப் பழகிடும்னு விட்டுட்டேன்."

அரைமில்லி சாலையில் அப்படியே உட்கார்ந்தார். தார் சுட்டது. எழுந்திருக்கத் தோன்றவில்லை. சீட்டுக்கு அடியில் பிஸ்கட் டின் அதிர்ந்துகொண்டே இருந்தது. விசிறியம்மா சொன்னபடி செய்துகொண்டிருந்தார்.

பிள்ளைகளை நடத்தித்தான் அழைத்துப்போனார்கள். முன்னால் அக்கா, பின்னால் அரைமில்லி, நடுவே ஒருவர் பைவாரை ஒருவர் பிடித்த ஒன்பது பேர். இரண்டாவது வளைவில் ஓடையைப் பார்த்ததும் அக்கா ஒரு கணம் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. "ஓரமா வாங்க," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை மோட்டாரைப் பிரித்தபோது பித்தளைத் தகடு மூன்று இடங்களில் நுழையவில்லை. ஒரு காந்தத்தின் மூலை வெள்ளிபோலத் தேய்ந்திருந்தது. முதலாளி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பசையை முழுக்கத் தடவிட்டா போதும்ல? நாடா எதுக்கு? தொண்ணூறுன்னு வாக்குக் குடுத்துட்டேனே."

"நான் இருக்கேன், விசிறிம்மா இருக்காங்க, தடவிடுவோம். நாளைக்கு வேற யாராவது ஒட்டுவாங்க. அவங்களுக்கும் ஒரு முன்போல இருக்கும்ல?"

"அப்ப எவ்வளவு வரும்?"

"எண்பத்தெட்டே முக்கால். பல்லோட வடிவத்த மாத்திப் பாக்குறேன், ஒரு கால் கூடலாம். தொண்ணூறு வராது."

"கம்பெனிக்காரன் வாங்கலேன்னா?"

"வாங்க மாட்டான்." அரைமில்லி தேய்ந்த காந்தத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "இத நான் காட்டுறேன் அவங்களுக்கு. நீங்க வர வேணாம்."

முதலாளி இந்த முறை நான்கு நாள் பேசவில்லை. கணக்கு நேராகிவிட்டது என்று லேத்காரர் சொன்னார்.

வரைபடத்தின் பசைக் கட்டத்தில் இப்போது ஐந்து வரி இருக்கிறது. எழுத்து கட்டத்தைத் தாண்டி ஓரத்திலும் போகிறது. எவ்வளவு பசை, எந்தப் பக்கம், எத்தனை மணி நேரம் காய வேண்டும், நாடா எத்தனை சுற்று, ஏன். அந்த 'ஏன்' வரியை விசிறியம்மாவுக்கு அவர் உருளையைக் கையில் வைத்துச் சுற்றிக் காட்டி விளக்கினார். விசிறியம்மா முழுக்கக் கேட்டார்.

"அப்ப இது சுத்தச் சுத்த ஓடிப்போற ரகம். கட்டி வச்சுத்தான் குடும்பம் நடத்தணும்," என்றார். பிறகு சிரிக்காமல், "இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் முழுக்கத் தடவியிருப்பேனே தம்பி," என்றார்.

"ஆமா," என்றார் அரைமில்லி.

நாடா சுற்றிய மோட்டாரை இரும்புப் பெட்டிக்குள் வைத்து ஆறாயிரம் சுற்றில் ஒரு மணி நேரம் ஓட்டினார்கள். எல்லோரும் சுவருக்குப் பின்னால் நின்றார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதை அக்காவின் வண்டியில் பூட்டினார்.

"அந்த ஒரு நடை போச்சா?" என்று கேட்டார் அக்கா.

"போச்சு."

"போகட்டும். ஏறு."

"எங்க?"

"மேட்டுக்கு. பிள்ளைங்கள ஏத்துறதுக்கு முன்னாடி நீ ஏறு."

பிள்ளைகளுக்கான பின் பெஞ்சில், முழங்கால் தாடையை முட்ட, அரைமில்லி உட்கார்ந்தார். பள்ளிக்கூட வாசலில் வண்டியைத் திருப்பி அக்கா இறக்கத்தில் விட்டார். தொட்டி கடந்தது. அவர் காதைப் பலகையோடு ஒட்டியிருந்தார். முதல் வளைவு.

"சத்தம் வருதாடா?"

"வரல."

"அப்ப எதுக்கு மூஞ்சிய அப்படி வச்சிருக்க? கண்ணாடியில தெரியுது."

"பெஞ்சு குட்டையா இருக்குக்கா."

இரண்டாவது வளைவுக்கு முன்னால், வண்டி தானாக உருளும்படி, அக்கா பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.